வீட்டு முயலின் உடல்மொழி: மலையகத்தில் முயல் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று மலையகத்தின் பல ஊர்களில், லயத்து வாசலிலும் வீட்டுக் கொல்லையிலும் கம்பிவலைக் கூடு அடித்து முயல் வளர்க்கும் குடும்பங்களைக் காணலாம். அவர்களுடைய கேள்விகள் தீனியிலும் கூட்டிலும் தொடங்கினாலும், "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்பதிலேயே பெரும்பாலும் வந்து நிற்கின்றன. அந்தக் கேள்விக்கான பதில்களே இங்கே தரப்பட்டுள்ளன.

முயல் சத்தமே போடுவதில்லையே, அதன் மனநிலையை எதைக் கொண்டு அறிவது?

நாம் வீட்டில் வளர்க்கும் முயல், ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள நிலப்பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்தது. பல விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இரையாகும் இனம் என்பதால், குரல் எழுப்பித் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காமல், நிலத்தடி வளையில் தன்னோடு கூட்டமாக வாழும் மற்ற முயல்களுக்கு உடல் அசைவாலும் மணத்தாலும் செய்தி சொல்லும் வழக்கம் அதற்கு வந்தது. பலவீனமாகத் தெரியும் முயலே முதலில் இரையாகும் என்பதால் நோயையும் வலியையும் மறைக்கும் பழக்கமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. ஆகவே, அமைதியாக இருக்கும் முயல் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஓர் உறுப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. காது, கண், தசையின் இறுக்கம், அது இருக்கும் இடம், அப்போதைய நேரம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் முயலின் வழக்கமான நடத்தை உங்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம். முயல்கள் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாக இருந்து, நடுப்பகலில் பெரும்பாலும் ஓய்வெடுப்பவை. காலையில் வேலைக்குப் புறப்படும் முன்பும், மாலையில் திரும்பி வந்த பின்பும் சில நிமிடங்கள் கூட்டருகில் இருந்து பார்ப்பவருக்கு, நண்பகலில் பார்ப்பவரைவிட அதிகம் புலப்படும்.

காதுகளின் நிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டு காதுகளும் நிமிர்ந்து ஒரே திசையை நோக்கியிருந்தால் அங்கிருந்து வரும் ஒலியை முயல் கூர்ந்து கேட்கிறது. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக இருந்தால், ஓய்வில் இருந்தபடியே சுற்றுப்புறத்தைக் கவனிக்கிறது. காதுகள் பின்னோக்கிச் சாய்ந்து முதுகின்மேல் தளர்வாகக் கிடந்து, உடலும் தளர்ந்திருந்தால் அது நிம்மதியான நிலை. அதே காதுகள் பின்னோக்கி இறுக்கமாக ஒட்டி, உடல் விறைத்து, வால் உயர்ந்திருந்தால் அது சினம். அடுத்த கணம் உங்கள் கையை நோக்கிப் பாயக்கூடும். காதுகள் ஒட்டிய நிலையிலேயே உடலைத் தரையோடு தாழ்த்தி, கண்கள் பிதுங்கத் தெரிந்தால் அது அச்சம். காதுகள் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தாலும் உடலின் மற்றப் பகுதிகளே பொருளை வேறுபடுத்துகின்றன.

காது தொங்கும் இனங்களில் இந்த அசைவுகள் குறைவாகவே தெரியும். அவற்றில் காதின் அடிப்பகுதி முன்னும் பின்னும் திரும்புவதைப் பார்க்க வேண்டும்.

மூக்கு எந்நேரமும் துடித்துக்கொண்டே இருக்கிறது. இது இயல்பா?

இயல்புதான். ஆர்வமோ பதற்றமோ கூடினால் துடிப்பு வேகமாகும், ஓய்வில் மெதுவாகும், ஆழ்ந்த உறக்கத்தில் நின்றுவிடும். கண் திறந்தபடியே முயலால் உறங்க முடியும் என்பதால், அது உறங்குகிறதா என்பதை மூக்கைப் பார்த்து அறிவது எளிது. ஆனால் முயல் மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது உயிராபத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கையில் எடுத்தால் அசையாமல் இருக்கிறது, மல்லாக்கப் படுக்க வைத்தால் உறங்கியே விடுகிறது. அவ்வளவு சாந்தமான முயலா?

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முயலைத் தரையிலிருந்து தூக்குபவை இயற்கையில் அதை உண்ண வரும் விலங்குகள் மட்டுமே. தூக்கப்பட்டதும் அது அசையாதிருப்பதற்கு, தப்பிக்க வழியில்லை என்று உறைந்துபோவதே பெரும்பாலும் காரணம். மல்லாக்கப் படுக்க வைக்கும்போது கால்கள் தளர்ந்து கிடப்பதும் உறக்கம் ஆகாது. கொடிய விலங்கின் பிடியில் சிக்கிய இரை, செத்ததுபோல் கிடந்து கடைசி வாய்ப்புக்குக் காத்திருக்கும் உடல் இயக்கம் அது. அந்த நிலையிலிருந்து மீளும் முயல் பின்னர் ஒளிந்துகொள்வதும் உடலை நெடுநேரம் சுத்தம் செய்வதும், அது அனுபவித்தது நிம்மதி இல்லை என்பதைக் காட்டுகின்றன. விருந்தினருக்கு வேடிக்கை காட்டுவதற்காக முயலை மல்லாத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அச்சத்தின் அசைவின்மையையும் நிம்மதியின் அசைவின்மையையும் வேறுபடுத்தி அறியலாம். அஞ்சிய முயலின் தசைகள் கல்லாக இறுகியிருக்கும், கண்களின் ஓரத்தில் வெண்மை தெரியும், மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் இருக்கும். நிம்மதியான முயலின் கண்கள் பாதி மூடியிருக்கும். பின்னங்கால்கள் ஒருபுறமாகவோ பின்புறமாகவோ நீண்டிருக்கும். முதுகைத் தொட்டால் சதை மென்மையாக இருக்கும்.

காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. காது நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மெல்லிய உறுப்பு. அதைப் பிடித்துத் தூக்குவது கடும் வலி தரும். வலியில் முயல் பின்னங்கால்களை உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் ஏறத்தாழ 12 முதல் 13 சதவீதம் என்றால், முயலுக்கு அது 8 சதவீதம் அளவே. எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு கை மார்புக்குக் கீழும் மறு கை பின்பகுதிக்குக் கீழும் இருக்க, உங்கள் உடம்போடு அணைத்து எடுங்கள். தரையில் நீங்கள் உட்கார்ந்து, அது தானாக வரும்வரை பொறுத்திருப்பது அதைவிட நல்லது.

நடந்துகொண்டிருந்த முயல் திடீரென்று பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது. வலிப்பா?

பெரும்பாலும் இல்லை. சுற்றுப்புறம் முழுதும் பாதுகாப்பானது என்று நம்பும் முயல், ஓய்வெடுக்க விரும்பினால் இப்படித் தொப்பென்று சாயும். கால்கள் உதறாமல், மூச்சு சீராக, மெல்ல அழைத்ததும் தலை தூக்கினால் கவலை வேண்டாம். ஓடும்போது திடீரென்று எம்பி, காற்றில் உடலை முறுக்கிக் கால்களை உதறிக் குதிப்பதும் அளவற்ற மகிழ்ச்சியின் அடையாளமே. கூட்டுக்குள் அடைந்தே கிடக்கும் முயலிடம் இந்தத் துள்ளலைக் காண்பது அரிது. நாய் வராத ஓர் இடத்தில், தினமும் சிறிது நேரமேனும் அதை ஓடவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நள்ளிரவில் பின்னங்காலால் பலகையை ஓங்கி அடிக்கிறது. ஏன்?

காட்டில், ஆபத்தை உணர்ந்த முயல் தரையை அறைந்து, வளைக்குள் இருக்கும் மற்றவற்றுக்கு எச்சரிக்கை விடுக்கும். உங்கள் முயலும் அதையே செய்கிறது. நமக்குக் கேட்காத ஒலியும் எட்டாத மணமும் அதற்கு எட்டும். நாய், பூனை, கீரி, மரநாய், சாரைப்பாம்பு ஆகியவை கூட்டருகே வருவது தோட்டப்புறங்களில் சாதாரணம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தையின் நடமாட்டமும் உண்டு. ஆகவே "சும்மா தட்டுகிறது" என்று புரண்டு படுக்காமல், டோர்ச் வெளிச்சத்தில் கூட்டின் தாழ்ப்பாளையும் கம்பிவலையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சிறுத்தை வரும் இடங்களில் இரவில் தனியே வெளியே போகாமல், அந்தியிலேயே கூட்டை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

ஆபத்து எதுவும் இல்லாதபோதும் சில முயல்கள் அடிக்கும். தகரக் கூரையில் திடீரென்று கொட்டும் மழை, பலத்த காற்றில் அடித்துக்கொள்ளும் தகடு, பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி ஆகியவற்றால் அது நடக்கும். தீபாவளி நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து வெடிக்கும் பட்டாசின் பேரச்சத்தால் முயல் தீனியை விட்டுவிடலாம், கம்பியில் மோதிக் காயப்படலாம், அதிர்ச்சியில் இறக்கவும் கூடும். அன்று மாலைக்கு முன்பே கூட்டை உள்ளறைக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் நிறையப் புல்லும் வைத்து, கூட்டைத் தடித்த துணியால் காற்று புகும்படி பாதி மூடிவிடுங்கள்.

பல்லைக் கடிக்கும் ஓசை கேட்கிறது. இது நல்லதா, கெட்டதா?

இரண்டுமாக இருக்கலாம். நெற்றியையோ கன்னத்தையோ தடவும்போது, கண் சொருகி, பற்களை மெல்ல உரசினால் அது இன்பத்தின் ஓசை. தாடையில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வை உணரலாம். கூட்டின் மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்து, விட்டுவிட்டு உரக்க நறநறவென்று கடித்தால் அது வலி. முயல் வீறிட்டு அலறுவது மிக அரிது. மரண பயத்திலோ தாங்க முடியாத வேதனையிலோ மட்டுமே அந்தக் குரல் வெளிவரும்.

மூக்கால் முட்டுகிறது, தலையைத் தரையில் வைக்கிறது, நாற்காலிக் காலில் தாடையைத் தேய்க்கிறது. என்ன கேட்கிறது?

மெல்ல முட்டுவது உங்கள் கவனத்தை வேண்டுவது, அல்லது வழியை விடுமாறு சொல்வது. உங்கள் முன் தலையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தால் தடவச் சொல்கிறது. முயல்களுக்குள் ஒன்று மற்றொன்றை நக்கிச் சுத்தம் செய்வது நெருங்கிய உறவின் அடையாளம் என்பதால், அது உங்கள் கையை நக்குவதையும் அவ்வாறே கொள்ளலாம். தாடைக்குக் கீழ் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பொருள்களில் பூசி, "இது என் இடம்" என்று குறிப்பதே தாடை தேய்த்தல். அந்த மணம் மனித மூக்குக்கு எட்டுவதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை உதறிவிட்டுப் போனால், நீங்கள் செய்த ஏதோ ஒன்று அதற்குப் பிடிக்கவில்லை.

காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கூட்டுக்குள் கை விட்டால் உறுமிக்கொண்டு பாய்கிறது. கெட்ட குணமா?

குணக்கேடு என்று சொல்வது அநியாயம். மெல்லிய உறுமலோடு காலைச் சுற்றி ஓடுவது பெரும்பாலும் இனச்சேர்க்கை விருப்பத்தைக் காட்டும். தீனி வரும் நேரத்தில் உற்சாகத்தாலும் சில ஓடும். கூடு அதன் ஒரே சொத்து என்பதால், அதற்குள் அழையாமல் நுழையும் கையை விரட்டுவதும் இயல்பே. பருவமடைந்த பெண் முயல்களிடம் இது அதிகம். முயல் வெளியே உலவும் நேரத்தில் கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். நேராக மூக்குக்கு முன்னால் கையை நீட்டவும் வேண்டாம். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் முயல் தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ முழுமையாகப் பார்க்கும். மூக்கின் நேர் முன்புறமும் தாடைக்கு அடியுமே அதற்குத் தெரியாத இடங்கள். அங்கிருந்து திடீரென்று தோன்றும் விரலை அது கடித்தால் குற்றம் அதனுடையது அன்று. கருத்தடைச் சத்திரசிகிச்சை இத்தகைய நடத்தையைப் பெரிதும் தணிக்கும். முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மிருக வைத்தியரிடம் மட்டுமே அதைச் செய்விக்க வேண்டும்.

பெண் முயல் வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அலைகிறது, தன் மயிரையே பிடுங்குகிறது. நோயா?

குட்டிக்குப் படுக்கை அமைக்கிறது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஆண் துணை இல்லாமலே இது நடந்தால் பொய்ச்சினையாக இருக்கலாம். அது 16 முதல் 18 நாட்களில் தானே நீங்கும். அந்நாட்களில் படுக்கையைக் கலைக்காமல், தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

குட்டி ஈன்ற தாய் பெட்டியிலிருந்து விலகியே இருப்பதைக் கண்டு, குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். முயல் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். பெட்டியைவிட்டு விலகி இருப்பது எதிரியின் கவனம் குட்டிகள்மீது விழாமல் காக்கும் ஏற்பாடு. காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாகவும் உடல் வெதுவெதுப்பாகவும் இருந்தால் தாய் தன் கடமையைச் செய்திருக்கிறது.

வலி இருப்பதை நிச்சயமாக எப்படி அறிவது?

முயலின் முகத்தைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை 2012 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கண்கள் இடுங்குதல், கன்னத்தின் உருட்சி மறைந்து தட்டையாதல், மூக்குத் துவாரங்களின் வடிவம் கூர்மையாதல், மீசைமயிர் விறைத்தல், காதுகள் குறுகி முதுகை நோக்கி ஒட்டுதல் ஆகிய ஐந்தும் அதில் கவனிக்கப்படுகின்றன. உடலிலும் சில குறிகள் உண்டு: கூனிய முதுகு, வயிற்றைத் தரையில் அழுத்திவிட்டு மீண்டும் எழுதல், அடிக்கடி இடம் மாறி உட்காருதல், பிடித்த கீரையையும் முகர்ந்துவிட்டுத் திரும்புதல்.

தீனியும் புழுக்கையும் எல்லாவற்றையும்விட முக்கியமானவை. முயலின் குடல் இடைவிடாமல் இயங்க வேண்டும். அது நின்றால் வாயு சேர்ந்து, வலி கூடி, அந்த வலியே மேலும் தின்னவிடாமல் தடுக்கும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டதால் இறந்த முயல்கள் பல. அதேசமயம், முயல் குனிந்து தன் பின்புறத்திலிருந்து மென்மையான ஒருவகைக் கழிவை வாயில் எடுத்து விழுங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சத்துகளை இரண்டாம் முறை உறிஞ்சிக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு அது.

மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்த நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் இருப்போருக்கு ஒரு சொல். அங்கே மலிவாகக் கிடைக்கும் லீக்ஸ் வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்தது. முயலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது என்பதால் அதன் இலையைப் போடவே கூடாது. கோவா இலையை அதிகம் கொடுத்தால் வயிறு உப்பலாம். களைநாசினி தெளித்த தேயிலை மலையில் அறுத்த புல்லும், பூச்சிமருந்து அடித்த கரட் இலையும் ஆபத்தானவை. முயல் சோர்ந்து கிடந்தால் முந்திய நாள் என்ன தின்றது என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

விடியற்காலையில் காதுகள் சில்லென்று இருக்கின்றன. குளிர் தாங்காதா?

முயலுக்கு வியர்ப்பதில்லை, உடலின் வெப்பத்தைக் காதின் இரத்தக் குழாய்களே வெளியேற்றுகின்றன. குளிரில் அந்தக் குழாய்கள் சுருங்குவதால் காது சில்லிடுகிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் உறைபனிக் காலைகளில் இது வழக்கமே. முயல் துடிப்பாகத் தின்றுகொண்டிருந்தால் கவலையில்லை. காதும் சில்லிட்டு, உடலும் தளர்ந்து, தின்னவும் மறுத்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உலர்ந்த குளிரைத் தாங்கும் முயல், ஈரத்தையும் நேரே வீசும் காற்றையும் தாங்காது. மழைக்காலத்தில் நனைந்த சாக்கைக் கூட்டில் விட்டுவைக்க வேண்டாம்.

வெப்பம் அதைவிடப் பெரிய ஆபத்து. மலையில் வளர்ந்த முயலைப் பஸ்ஸிலோ வானிலோ கொழும்புக்குக் கொண்டுசெல்லும்போது, காதுகள் சிவந்து சூடாகி, உடலை முழுதும் நீட்டிக் கிடந்து, வேகமாக மூச்சு வாங்கினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காதுகளைக் குளிர்ந்த நீரால் துடைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தக் கூடாது.

செங்கண் வெள்ளை முயல் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. பைத்தியமா?

இல்லை. நிறமியற்ற கண்களில் பார்வைத் தெளிவு குறைவு. தலையை அசைத்து, பொருள் இருக்கும் தொலைவை அது கணிக்கிறது. ஆனால் தலை ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி நின்று, நடை தள்ளாடினால் அது காதின் உட்பகுதியையோ மூளையையோ தாக்கிய நோய், தாமதிக்கக் கூடாது.

தேயிலைச் செடிக்கு அடியில் அகப்பட்ட முயல்குட்டி அசையாமலே இருக்கிறது. பழக்கமாகிவிட்டது என்று வளர்க்கலாமா?

வேண்டாம். அது நம் நாட்டின் காட்டு முயல். வீட்டு முயலிலிருந்து வேறான இனம், வளை தோண்டாதது. வீட்டு முயலின் குட்டி மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும்; காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறந்து, தாய் திரும்பும்வரை புதரடியில் அசையாமல் பதுங்கிக் கிடக்கும். அந்த அசைவின்மையே அதன் தற்காப்பு. காயமில்லாவிட்டால், எடுத்த இடத்திலேயே விரைவாக விட்டுவிட்டு, நாய்களை அப்பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தியரிடம் கொண்டுபோனால் மேசைமேல் நன்றாகவே தெரிகிறது. நோயை எப்படி விளக்குவது?

அந்நிய இடத்தில் அச்சத்தால் நோய்க்குறிகளை முயல் மேலும் மறைக்கும். எனவே வீட்டில் அது கூனி உட்காருவதையும் பல் கடிப்பதையும் கைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். கடைசியாகத் தின்ற நேரம், தின்ற பொருள், புழுக்கையின் அளவும் வடிவமும் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் புழுக்கையில் கொஞ்சத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் கேட்கலாம்; சிக்கலான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கொண்டுபோகும் பெட்டியின் அடியில் வழுக்காத துணியை விரித்து, வழியில் கொறிக்கப் புல்லும் வைத்து, ஒன்றாக வாழும் துணை முயல் இருந்தால் அதையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; நோயாளிக்கு அது தைரியம் தரும், திரும்பி வரும்போது வைத்தியசாலை மணத்தால் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் சண்டையிடுவதையும் தவிர்க்கும்.